மாவு இறங்கும் துறைமுகம்

திருகோணமலையை அடுத்த உப்புவெளிக் கடற்கரைச் சாலையில் பீட்சா இல்லாத பெயர்ப்பலகையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மே தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குக் கரையைப் புரட்டியெடுக்கிறது. அந்த மாதங்களில் திருகோணமலைப் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கும். வெள்ளைக்காரப் பயணிகள் அப்போதுதான் கூட்டமாக வருகிறார்கள். அவர்கள் வயிற்றை உத்தேசித்து உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஸ்பகெட்டி, லசானியா, பீட்சா என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். சோறும் கறியும் கீழே, சின்ன எழுத்தில்.

நானும் ஒரு மாலை, 'இத்தாலியன்' என்று எழுதியிருந்த கடை ஒன்றில் பீட்சா பார்சல் வாங்கிப் பார்த்தேன். மேலே சூரை மீன், வெங்காயம், நறுக்கிய பச்சை மிளகாய். அடியில் தடித்த பாண், நம்மூரில் பிரெட். சாப்பிட முடியாதது என்றில்லை. பசிக்கு நன்றாகவே இருந்தது. கொஞ்சம் கட்டைச் சம்பல் கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டதும் இன்னும் நன்றாக இருந்தது. ஆனால் அதில் இத்தாலி இல்லை. திருகோணமலையும் அந்தப் பச்சை மிளகாய் அளவுக்குத்தான் இருந்தது.

இத்தாலியர்கள் பிழைப்புத் தேடிப் போன ஊர்களிலெல்லாம் ஒரு வகைக் கடை வைத்தார்கள். அமெரிக்காவில் அதை டெலி என்கிறார்கள். மேசை போட்டுப் பரிமாறும் உணவகம் இல்லை அது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒருவர் நிற்பார். தலைக்கு மேலே உப்பிட்டு உலர்த்திய இறைச்சி தொங்கும். பெட்டிக்குள் பாலாடைக்கட்டி, உப்பில் கிடந்த நெத்தலி, எண்ணெயில் ஊறிய காய்கள். வேண்டியதைச் சொன்னால் பாணுக்குள் வைத்துத் தாளில் சுற்றிக் கையில் தருவார். நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில் சல்வத்தோரே லூபோ என்ற சிசிலிக்காரர் 1906இல் 'சென்ட்ரல் குரோசரி' என்று ஒரு கடை திறந்தார். அங்கே சந்தைக்கு வந்த சிசிலி விவசாயிகள் பாணைத் தனியாக, இறைச்சியைத் தனியாக, ஒலிவக் கலவையைத் தனியாக வாங்கி, மடியில் பரப்பிவைத்துக்கொண்டு தடுமாறுவார்களாம். அதைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் ஒரே வட்டப் பாணுக்குள் அடைத்து 'மஃபலேட்டா' என்று விற்கத் தொடங்கினார் என்று கதை சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, அதன் அடியில் இருக்கும் நியாயம் உண்மை. துறைமுகத்தில் வேலை செய்கிறவனுக்கு உட்கார நேரமில்லை. ஒரு கையில் பிடித்துச் சாப்பிட ஏதாவது வேண்டும். ஜெனோவாவின் பழைய துறைமுகத்துக்கு எதிரே, சொட்டோரிப்பா வளைவுகளுக்குக் கீழே, இன்றும் பொரித்த மீனைத் தாள் கூம்பில் போட்டுத் தருகிறார்கள். அதன் பக்கத்திலேயே கடலை மாவில் சுட்ட ஃபரினாத்தா.

அப்படியான கடை திருகோணமலையில் இல்லையா? உப்புவெளியில் இல்லை. ஊருக்குள் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் இல்லை, நாலைந்து தெருக்களில் சிதறிக் கிடக்கிறது. நடந்துதான் சேர்க்க வேண்டும்.

நடப்பதற்குத் தோதான ஊர். கிழக்கே டச்சுக் குடா, மேற்கே உள்துறைமுகம், இரண்டுக்கும் நடுவில் ஒரு கழுத்துபோல நகரம். ஒரு கடலில் கால் நனைத்துவிட்டு ஈரம் காய்வதற்குள் மறு கடலுக்குப் போய்விடலாம். கோணேசர் மலைமேல் ஏறி நின்றால் இந்தத் துறைமுகத்துக்காக ஏன் இத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். 1620இல் டென்மார்க்குக்காரன் எட்டிப் பார்த்தான். அவன் பிறகு நம் தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தான். போர்த்துக்கீசர் மலைமேலிருந்த கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர், 1782இல் கொஞ்சக் காலம் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். அவர்கள் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது 1957இல், சுதந்திரம் கிடைத்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு. கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது. கடற்படைத் தளத்துப் பக்கம் நம்மை விடமாட்டார்கள். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் சமையலை விட்டுவிட்டுப் போனார்கள். அதற்குக் காவல் இல்லை, அனுமதிச்சீட்டும் வேண்டாம்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அந்தக் கண்ணாடிப் பெட்டி இருந்தது. மூன்று தட்டு. மேல் தட்டில் ரோல்ஸும் பற்றிஸும். நடுவில் கட்லட், இறால் வடை, உளுந்து வடை. கீழே மீன் பணிஸ், முக்கோணமாக மடித்த ரொட்டி, சீனி தூவிய பணிஸ். பெட்டிக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் இடுக்கி.

"என்ன தம்பி, இருந்து சாப்பிடப் போறீங்களோ, கட்டுறதோ?"

"கட்டுங்க அண்ணே. எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு."

"எல்லாத்திலயுமோ? மீன் இருக்கு, முட்டை இருக்கு, மரக்கறியும் இருக்கு."

"எல்லாம் சாப்பிடுவேன்."

இடுக்கி ஒரு கணம் நின்றது. "இந்தியாவோ?"

"ஆமாங்க."

"அதுதானே பார்த்தன். இங்கத்தைய ஆள் என்றால் எல்லாத்திலயும் எடுக்காது. ஒவ்வொருத்தருக்கும் ஒண்டு இருக்கு. அதைத்தான் திருப்பித் திருப்பி எடுக்கும்."

இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கடைகளில் வேறு கணக்கு. கேட்காமலே ஒரு தட்டு நிறைய எல்லாம் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவார்கள். தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் பெட்டிக்குத் திரும்பிப் போகும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் முதல்முறை பயந்துபோவார். பார்சலில் அந்தப் பயம் இல்லை. சதுரமாகக் கிழித்து அடுக்கிய பழைய செய்தித்தாள்தான் உறை. என் பற்றிஸைச் சுற்றியிருந்தது மரண அறிவித்தல் பக்கம். பிறந்த ஊர் கிழக்கு மாகாணத்தில், இருந்த ஊர் வேறொரு கண்டத்தில். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையில் அந்தப் பக்கத்தைப் படித்தாலே யார் எங்கே போனார்கள் என்று தெரிந்துவிடும்.

உள்துறைமுகச் சாலையோரம் ஒரு மதில்மேல் உட்கார்ந்து பிரித்தேன். ரோல்ஸ் என்பது மெல்லிய மாவடைக்குள் மசியலை வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, பாண் தூளில் புரட்டிப் பொரிப்பது. சைனீஸ் ரோல்ஸ் என்று பெயர், ஆனால் சீனாவில் எவரும் இதை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள். கட்லட் உருண்டையாக இருக்கிறது. பற்றிஸ் அரை நிலா வடிவம், விளிம்பு முள்கரண்டியால் அழுத்தியது. மீன் பணிஸ் மெத்தென்ற பாணுக்குள் அடைத்துச் சுட்டது. உடைத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்குள்ளும் ஏறக்குறைய ஒன்றுதான்: மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், கறிவேப்பிலை, தாராளமாக மிளகு. சிசிலியில் ஆரஞ்சினி என்று ஒன்று செய்கிறார்கள். சோற்று உருண்டைக்குள் இறைச்சி வைத்து, இதே பாண் தூளில் புரட்டி, இதேபோலப் பொரிப்பது. மிஞ்சியதைக் காய்ந்த பாணின் தூளால் போர்த்து மறுநாள் விற்கும் புத்தி உலகத்துத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் பொது. என் ஓட்டு பற்றிஸுக்கு. ஓடு முறுகலாக இருந்து, உள்ளே மிளகு கொஞ்சம் தாமதமாக உறைக்கிறது. மீன் பணிஸ் எனக்கு இனிப்பு அதிகம்.

அந்த மதிலில் இருந்து நீரைத் தாண்டிப் பார்த்தால் தென்மேற்கே சீனக்குடா. அங்கே உயர்ந்து நிற்கும் கட்டடம்தான் இந்தப் பொட்டலத்தின் பிறப்பிடம்: பிரீமா மாவு ஆலை.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஒரு மணிகூட. ஆனால் காலையில் பாண், பத்து மணிக்குப் பணிஸ், இரவில் கொத்து என்று ஒரு நாடு முழுவதும் கோதுமையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. 1970களின் முற்பகுதியில் பாணுக்கு விடியுமுன் வரிசையில் நின்ற கதையை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். சிங்கப்பூரின் பிரீமா நிறுவனம் சீனக்குடாவில் ஆலை தொடங்கியது 1980இல். கப்பல் நேரே ஆலையின் இறங்குதுறைக்கு வருகிறது. ஆழம் அவ்வளவு இயற்கையாக அமைந்த துறைமுகம். மணியை உறிஞ்சி எடுக்கிறார்கள், அரைக்கிறார்கள், மூட்டைகள் லொறியில் ஏறி நாடெங்கும் போகின்றன. நாட்டின் மாவில் பெரும்பங்கு இங்கே அரைபட்டதுதான். கொழும்பிலிருந்து வரும் இரவு ரயில் கந்தளாயையும் தம்பலகாமத்தையும் தாண்டிச் சீனக்குடா நிலையத்தில் நிற்கும். பயணிகள் பெரும்பாலும் தூக்கத்தில் அதைத் தவறவிடுகிறார்கள்.

ஆலைக்குப் பின்னால் காட்டுக்குள் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்கள், அதாவது சேமிப்புத் தொட்டிகள். இன்று நிற்பவை 99. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது எரிந்துபோனது ஒன்று. 2022 ஜனவரியில் இந்தியாவும் இலங்கையும் இந்தக் குதங்களைப் பங்கிட்டு ஒப்பந்தம் போட்டன. பத்திரிகைகள் திருகோணமலை என்றால் எண்ணெயைத்தான் எழுதும். அதே ஆண்டு எரிவாயுவும் மாவும் கிடைக்காமல் நாடெங்கும் பேக்கரிகள் மூடிக் கிடந்தன. அப்போது மக்கள் பேசிக்கொண்டது குதங்களைப் பற்றி இல்லை, பாணைப் பற்றி. இந்தத் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளில் முக்கியமானது எது என்று என்னைக் கேட்டால் மாவு என்றுதான் சொல்வேன்.

அந்த மாவு கடைசியில் என்ன ஆகிறது என்று பார்க்க இரவு எட்டு மணிக்கு ஊருக்குள் நிற்க வேண்டும். கொத்துக் கடையைக் கண்ணால் தேட வேண்டாம், காது போதும். கொத்து கிழக்கு மாகாணத்தில் பிறந்தது என்று மட்டக்களப்பாரும் திருகோணமலையாரும் சொல்வார்கள். எந்த ஊர் என்பதில் மட்டும் ஒத்துப்போக மாட்டார்கள். நான் நின்ற கடையில் எண்ணெயில் ஊறிய மா உருண்டைகள் தாம்பாளத்தில் வரிசையாகக் காத்திருந்தன. ஒரு பையன் ஒன்றை எடுத்துத் தட்டி, வீசி, உள்ளங்கை தெரியும் அளவுக்கு மெல்லிதாக்கி, மடித்துக் கல்லில் போட்டுக்கொண்டே இருந்தான். அடுக்கு உயர்ந்தது. கொத்துகிறவர் வேறு ஆள். கல்லில் முதலில் வெங்காயம், லீக்ஸ், கரட், கோவா என்கிற முட்டைக்கோஸ். பிறகு முட்டை. பிறகு நாலு ரொட்டி. அதன்மேல் கோழிக்கறிக் குழம்பு ஒரு அகப்பை. இரண்டு மழுங்கிய தகடுகளை இரண்டு கையிலும் எடுத்ததும் பேச்சு நின்றுவிடுகிறது.

தகடு கல்லில் மோதும் இந்தச் சத்தம் வெறும் விளம்பரம் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்று பார்த்தால் அதற்கு வேலை இருக்கிறது. முதலில் வேகம், ரொட்டி துண்டாகிறது. பிறகு தாளம் இறங்குகிறது. தகட்டின் தட்டைப் பக்கத்தால் அள்ளிப் புரட்டி, குழம்பு ஒவ்வொரு துண்டுக்கும் போகிறது. கடைசியில் ஓரங்களை நடுவுக்கு ஒதுக்கும் நாலு தட்டு. அதற்குமேல் ஒரு தட்டு தட்டினால் களியாகிவிடும். மதுரைக்காரர்கள் கோபிக்கக்கூடாது: நம் கொத்து பரோட்டா கல்லில் காய்ந்து வறுபடுகிறது, இங்கே ரொட்டி நனைந்து வேகிறது. லீக்ஸின் வாசம் நம்மிடம் இல்லை. இப்போது சீஸ் கொத்து என்று ஒன்று எல்லாக் கடையிலும் வந்திருக்கிறது, இளசுகள் அதைத்தான் கேட்கிறார்கள். பாலாடைக்கட்டி உருகி மிளகையும் கறிவேப்பிலையையும் மூடிவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை அது நல்ல கொத்தையும் நல்ல சீஸையும் ஒருசேர வீணாக்கும் வழி.

ஒரு பார்சல் இரண்டு பேருக்குப் போதும். சூடான பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு டச்சுக் குடாக் கரைக்குப் போனேன். ஊரே அங்கேதான் இருந்தது. குழந்தைகள் ஓடின, இறால் வடை வண்டிகளில் வெங்காயம் தூவி மிளகாய்க் குழம்பு விட்டுக்கொண்டிருந்தார்கள், மான்கள் ஆட்களுக்கு நடுவே நடந்தன. கரையோரம் காந்தி சிலை இருக்கிறது. 2006 ஜனவரி 2 அன்று மாலை, இதே மாதிரி கூடிப் பேசிக்கொண்டிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் அந்தச் சிலைக்குப் பக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் எனக்குச் சிலையைக் காட்டியது, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வடை ஒண்டு எடுங்கோ அண்ணை" என்று மட்டும் நீட்டினார்கள்.

மறுநாள் காலை சந்தைப் பக்கம். டெலியில் தலைக்கு மேல் தொங்கும் சரக்கு இங்கே கருவாடு. நெத்தலி மூட்டையாக, கட்டா நீளமாகப் பிளந்து, சுறா பட்டையாக, திருக்கை பலகையாக. மீன் பிடித்த இடத்துக்கும் உப்பு விளையும் இடத்துக்கும் தூரமே இல்லை. நிலாவெளியில் உப்பளம் இருக்கிறது. இத்தாலியில் சலெர்னோவுக்குப் பக்கத்தில் செத்தாரா என்று ஒரு மீன்பிடிக் கிராமம். அங்கே நெத்தலி வகை மீனை உப்போடு அடுக்கடுக்காக மரத்தொட்டியில் போட்டு, கல் ஏற்றி, மாதக்கணக்கில் விட்டு, வடியும் சாற்றைப் புட்டியில் அடைத்து ஸ்பகெட்டியில் விட்டுக்கொள்கிறார்கள். இலங்கையின் தென்மேற்குக் கரையில் மீனை உப்போடும் கொறக்கா என்ற புளியோடும் அடுக்கி ஜாடியில் போடுகிறார்கள். திருகோணமலைக்காரர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை, வெயில் இருக்கிறது. நெத்தலியைக் கரையில் பரப்பினால் முடிந்தது.

இந்தக் கரையில் மீன் பிடிக்கிறவர்கள் எல்லாரும் இந்தக் கரைக்காரர்கள் இல்லை. மேற்கே கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் படகோடு கிழக்கே வந்து வாடி, அதாவது கரைக் குடில், அடிப்பது தலைமுறைப் பழக்கம். கிழக்கின் மீனவர்களுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு, சண்டையும் உண்டு. ஆனால் எனக்கு வேடிக்கையாகப் பட்டது வேறு. அதே நீர்கொழும்பு–சிலாபம் கரையிலிருந்துதான் இலங்கையர்கள் இத்தாலிக்குப் போனார்கள். இன்று இத்தாலியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் இருக்கிறார்கள். மிலானிலும் ரோமிலும் நேப்பிள்ஸிலும் வீட்டு வேலை, முதியவர் பராமரிப்பு, உணவகச் சமையலறை. வென்னப்புவ ஊருக்குக் 'குட்டி இத்தாலி' என்றே பட்டப்பெயர். அண்ணன் நேப்பிள்ஸில் பீட்சா மாவு பிசைய, தம்பி திருகோணமலைக் கரையில் வாடி அடித்து நெத்தலி காயவைக்கும் குடும்பம் அங்கே இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்தத் தீவில் அசல் இத்தாலியச் சமையல் தெரிந்த கை வேண்டுமென்றால் விடுமுறைக்கு வந்த அவர்களில் ஒருவரைப் பிடிக்க வேண்டும், உப்புவெளிப் பெயர்ப்பலகையை நம்பிப் பயனில்லை.

அடுத்தது தயிர். அதற்குக் கிண்ணியாப் பக்கம் போக வேண்டும். முன்பு படகுப்பாலத்தில் வாகனத்தை ஏற்றிக் கடந்தார்கள். 2009இல் பாலம் திறந்தபிறகு, 396 மீட்டர், ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தால் காற்று முகத்தில் அடிக்கும்போதே அக்கரை. அதற்கும் தெற்கே மூதூரில் மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. ஆற்றுமுகத்துச் சதுப்பும் புல்வெளியும் எருமைக்கென்றே அமைந்தவை. 1660இல் ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி தகப்பனோடு கொட்டியாரக் குடாவில் கரையிறங்கி, கண்டி அரசன் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டு வீடு திரும்ப முடியாமல் கிடந்தது இங்கேதான் தொடங்கியது. ஊர் சுற்றிப் பார்க்க இறங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

எருமைப் பாலில் கொழுப்பு பசும்பாலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இத்தாலியின் காம்பானியாவில் அந்தப் பாலைத் திரித்து, சுடுநீரில் இழுத்து, உருட்டி மொத்சரெல்லா செய்கிறார்கள். 'மொத்சரெல்லா டி புஃபலா காம்பானா' என்ற முழுப் பெயரை வேறு ஊர்க்காரர் போட்டுக்கொள்ள முடியாதபடி 1996இல் ஐரோப்பியப் பாதுகாப்பும் வாங்கிவிட்டார்கள். இங்கே இழுப்பதும் உருட்டுவதும் இல்லை. காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றி மண்சட்டியில் விட்டுவிடுகிறார்கள். மீதி வேலையைச் சட்டி பார்க்கிறது. சுடுமண் நீரைக் குடிக்கக் குடிக்கத் தயிர் இறுகுகிறது. சாலையோரக் கடையில் சட்டியைத் தலைகீழாகச் சாய்த்துக் காட்டினார் விற்ற பெண். அசையவில்லை. வாயில் தாளைக் கட்டி, கயிற்றில் உறிபோலக் கோத்துக் கொடுத்தார். கரண்டியால் வெட்டி எடுத்துக் கித்துள் பாணி விட்டுச் சாப்பிட வேண்டும். இந்தக் கிண்ணியாத் தயிருக்கு எந்த முத்திரையும் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

இனி மதியச் சோறு. பதினொன்றரை மணியிலிருந்தே ஊருக்குள் சாப்பாட்டுக் கடைகளின் வாசலில் பார்சல்கள் அடுக்கிவிடுகிறார்கள். அலுவலகம், நீதிமன்றம், துறைமுகம், மீன்வாடி எல்லாம் இதில்தான் ஓடுகிறது. "மீனோ, கோழியோ, முட்டையோ, மரக்கறியோ?" என்ற ஒரே கேள்வி. நான் மீன் சொன்னேன். பிரித்தால் கைகொள்ளாத சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப் பாலில் பருப்பு, பயற்றங்காய்ப் பிரட்டல், வல்லாரைச் சம்பல், நொறுங்கிய அப்பளம், பாரைமீன் துண்டு ஒன்று, சோற்றின் ஒரு பக்கத்தைச் சிவப்பாக்கிவிட்ட குழம்பு. பார்சல் சோற்றின் ருசியே அந்தக் கலப்பில்தான். தட்டில் தனித்தனியாக நிற்கும் கறிகள் பொட்டலத்துக்குள் அரைமணி நேரம் நெருங்கிக் கிடந்து, சோறு எல்லாவற்றையும் குடித்துவிடுகிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு அது கிடைக்காது.

இத்தாலியர் ஒருவர் இந்தத் தீவின் சாப்பாட்டைப் பற்றி எழுதிவைத்துப் போய் எழுநூறு ஆண்டுக்கு மேலாகிறது. வெனிஸ்காரர் மார்க்கோ போலோ 1298 வாக்கில் ஜெனோவாச் சிறையில் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட புத்தகத்தில் இலங்கை வருகிறது. இங்கே கோதுமை இல்லை, அரிசி உண்டு, எள்ளெண்ணெய் எடுக்கிறார்கள், பாலும் இறைச்சியும் உண்கிறார்கள், மரத்துக் கள் குடிக்கிறார்கள் என்று குறிக்கிறார். ரத்தினம் பற்றிய அளப்பை விட்டுவிட்டால், சாப்பாட்டு விஷயத்தில் மனிதர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். கோதுமை இல்லை என்ற அவருடைய வாக்கியத்தைச் சீனக்குடா மாற்றிவிட்டது. அவர் சொன்ன அரிசி என் மடியில் இருந்த பொட்டலத்துக்குள் அப்படியே இருந்தது.

பொட்டலம் என்றதும் அதன் உறை. ஒருகாலத்தில் வாழையிலை. பிறகு லஞ்ச் சீட் என்ற மெல்லிய பொலித்தீன் தாள் வந்து இலையை விரட்டியது. 2017 ஏப்ரலில் கொழும்பு மீத்தொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு லஞ்ச் சீட்டுக்கும் ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டிக்கும் தடை அறிவித்தது. 2023 அக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு வரை தடை நீண்டது. தடை தாளில் இருக்கிறது, தாள் இன்னும் கடையில் இருக்கிறது. மக்கக்கூடியது என்று சொல்லிச் சில கடைகள் ஒன்றைத் தருகின்றன. தொட்டுப் பார்த்து எது எது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

இது மற்ற ஊர்களில் குப்பைப் பிரச்சினை, திருகோணமலையில் மான் பிரச்சினை. கோட்டை வாசலில், பேருந்து நிலையத்தில், கடற்கரையில் என்று புள்ளிமான்கள் ஆட்டுக்குட்டிகளாட்டம் உலாவுகின்றன. காட்டுமான் சாப்பாட்டுப் பார்சலை முகர்ந்து வரும் ஊர் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் சாப்பிட்ட இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு பெண்மான், யாரோ எறிந்துவிட்டுப் போன லஞ்ச் சீட்டை முன்காலால் மிதித்துக்கொண்டு, ஒட்டியிருந்த பருப்பை நக்கியது. பருப்பு தீர்ந்ததும் தாளையே மெல்லத் தொடங்கியது. நான் எழுந்துபோய் இழுத்தேன். பாதி வந்தது. மீதியை அது விழுங்கிவிட்டு என் கையைப் பார்த்தது.

திருகோணமலைக்குப் போகிறவர்கள் ஒரு எவர்சில்வர் டப்பா எடுத்துப் போங்கள். கடைக்காரர்கள் முகம் சுளிப்பதில்லை. டப்பாவை நீட்டினால் சோறு ஒரு கரண்டி கூடுதலாகவே விழுகிறது. மீன் பார்சல் மதியம் இரண்டு மணிக்குமேல் கிடைக்காது. தயிர்ச்சட்டியைக் கிளம்பும் நாளில் வாங்குங்கள், ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வரலாம்.